இன்றைக்காக வாதாடியவளுக்கு

எறும்புகள் என்னை முந்திக்கொண்டன. ஸ்டாஃப் ரூமில் நாம் இருவரும் பங்கு போட்டிருந்த பச்சை பீரோவை லீவு முடிந்து திறந்தபோது, உன் அடுக்கிலிருந்து தரை வரைக்கும் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. வரிசையின் மறுமுனையில் உன் எவர்சில்வர் டப்பா. மூடியை எடுத்ததும் வெல்லமும் வறுத்த கடலையுமாக வாசனை. போன செமஸ்டரின் கடைசி ஏலத்தில் மிஞ்சிய கடலை மிட்டாய்கள், வெயிலில் இளகி ஒரே பாளமாக ஒட்டிப்போயிருந்தன. அன்றைக்கே தின்று தீர்த்துவிடலாம் என்றுதான் நீ சொன்னாய். "லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்" என்று மூடி வைத்தவள் நான். "கிளாஸ்லயும் நாளைக் கட்சி, தின்றதுலயும் நாளைக் கட்சி. ஒன்ன வெச்சினு நான் இன்னா பண்றது?" என்று கேட்டாய். லீவு முடிந்தது. நான் மட்டும் வந்திருக்கிறேன்.

டப்பாவைக் கழுவத்தான் எடுத்தேன். உன் அடுக்கைக் காலி செய்துவிடலாமா என்று ஆபீசில் கேட்டிருந்தார்கள். கழுவாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை நம் பாடத்தின் முதல் வகுப்பு. அதை எடுப்பதா, விட்டுவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இதுமாதிரி விஷயங்களை நான் உன்னிடம்தான் கேட்பேன். கேட்க முடியாததால் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகம் அந்தப் பாடத்துக்கு வைத்த பெயர் நீளமானது. நாம் அதைக் காசுப் பாடம் என்போம். காமர்ஸ் படிக்காத பிள்ளைகளுக்கு நிதியின் அடிப்படைகளைச் சொல்லித்தர வேண்டும். தாவரவியலும் உளவியலும் ஆங்கில இலக்கியமும் படிக்கிற முதலாம் ஆண்டுக் கூட்டம். ஃபைனான்ஸ் என்றால் அவர்களுக்கு ஷேர் மார்க்கெட். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் யாராவது ஒருவர் எழுந்து, எந்த ஷேர் வாங்கலாம் என்று கேட்டுவிடுவார். நீ அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பாய். "முதல்ல உன் மிட்டாயைக் காப்பாத்து, அப்புறம் ஷேர் பத்திப் பேசலாம்" என்பாய். என்ன மிட்டாய் என்று அந்தப் பிள்ளை விழிக்கும். பாடம் அங்கே தொடங்கிவிடும்.

மிட்டாய் சீட்டு உன் மூளையில் உதித்தது. ஸ்ரீராம்புரத்தில் உங்கள் சந்தில் சீட்டுப் போடாத வீடே இல்லை என்பாய். கார்ப்பரேஷன் லாரி ஓட்டிய உன் அப்பாவின் சம்பளத்தில் நீ எம்.காம். முடித்ததே இரண்டு சீட்டுகளின் புண்ணியம் என்பாய். குடியாத்தத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்த எனக்கும் சீட்டு புதிதில்லை. ஆனால் அதை வகுப்புக்குள் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. பத்துப் பேர் சேர வேண்டும். வாரம் ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாய் டப்பாவில் போட வேண்டும். இருபது மிட்டாயும் யாருக்கு என்று ஏலம். உடனே வேண்டும் என்கிறவர் சிலதை விட்டுக்கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். விட்டது எல்லோருக்கும் பங்கு. முதல் வாரத்து டப்பா மட்டும் ஏலமில்லாமல் நடத்துகிறவருக்குப் போகும். அதாவது உனக்கு.

இரண்டாவது வாரம் ஒரு பையன் ஆறு மிட்டாயை விட்டுக்கொடுத்து மீதியை அள்ளிக்கொண்டு போவான். அவன் வாயில் மிட்டாய் இருக்கும்போதே நீ அவனைக் கேட்பாய், அந்த ஆறு எங்கே போச்சு என்று. காத்திருக்கிறவர்களுக்குப் போச்சு என்பான். "அதுக்குப் பேருதான் வட்டி" என்பாய். எத்தனை பாடப்புத்தகங்கள் எத்தனை பக்கங்களில் சொல்லியும் புரியாத ஒன்று, அந்தப் பிள்ளைகளுக்குப் பல்லில் ஒட்டிக்கொண்டே புரியும். எடுத்துக்கொண்டு போனவன் அடுத்த வாரம் மட்டம் போட்டால் ஜாமீன் எதற்கு என்று புரியும். கடைக்காரர் அதே விலைக்கு மிட்டாயைச் சிறிதாக்கியபோது விலைவாசியைப் பற்றி நாம் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு உளவியல் மாணவி போன வருடத்து மிட்டாயின் உறையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அன்றைக்கு நீ அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய்.

மற்றதெல்லாம் நம் சண்டை. போர்டின் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இன்று, அந்தப் பக்கம் நாளை. கையில் இருக்கிற காசை இன்றைக்கே அனுபவிக்க வேண்டும் என்று ஒருத்தி வாதாட வேண்டும். சேர்த்து வைத்து நாளைக்கு வளர்க்க வேண்டும் என்று மற்றவள். பிள்ளைகள்தான் தீர்ப்பு. முதல் வருடம் காசு சுண்டிப் பார்த்தோம், உனக்கு இன்று விழுந்தது, எனக்கு நாளை. அப்புறம் மாற்றிக்கொள்ளவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், உன்னைப்போல் சிக்கனக்காரியை நான் பார்த்ததில்லை. வார் அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்து மூன்று மழைக்காலம் ஓட்டியவள் நீ. வருடத்துக்கு நாலு பட்டுப்புடவை எடுத்து பீரோவின் என் அடுக்கில் வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தவள் நான். பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் நம் மானம் கப்பலேறியிருக்கும்.

வகுப்பில் நமக்குள் "மேம்", "நீங்கள்". சண்டை முழுக்க இங்கிலீஷில். கதவைத் தாண்டினால் வாடி, போடி. உன் வாதத்தின் உச்சத்தில் மட்டும் ஒரு தமிழ் வாக்கியம் வரும். "கையில இருக்கறது கணக்கு, வரப்போறது கதை" என்பாய். உடனே அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, "ஆனால் அந்தக் கதைக்கும் இன்றைக்கு ஒரு விலை உண்டு. அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடம்" என்று போர்டில் சூத்திரத்தை எழுதுவாய். எதிர்காலத்தில் வரும் தொகையின் இன்றைய மதிப்பு. நான் எதிர்க்கட்சி வரிசையில் நின்று அதை ரசித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அது நிஜச் சண்டையானது. நான் என் ஸ்கூட்டரை உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி வாங்கப் பணம் இருக்கிறது, ஆனால் வாங்கவில்லை, டெபாசிட்டில் போட்டு வளர்க்கிறேன், பின்னால் இன்னும் நல்ல வண்டியாக வாங்குவேன் என்று நாளையின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். ஜீவனஹள்ளியில் பஸ் ஏறி, மெஜஸ்டிக்கில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்துக்கு என்ன விலை போட்டீர்கள் மேம் என்று நீ இங்கிலீஷில் கேட்டாய். நல்ல கேள்வி. பஸ்ஸில் பேப்பர் திருத்துகிறேன் என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். நீ சாக்பீஸைக் கீழே வைத்தாய்.

"ஏய், அது சேமிப்பு இல்லடி, பயம். வண்டி ஓட்ட ஒனக்கு பயம். எத்தினி வருசமா பாக்கறேன். பயத்துக்கு எந்த பேங்க்லயும் வட்டி குடுக்க மாட்டாங்க, தெரிஞ்சுக்கோ."

முழுக்கத் தமிழ். அதுவும் ஸ்ரீராம்புரத்துத் தமிழ். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். ஆனால் இந்த ஊரில் தமிழ் புரியாத காது ஏது? எல்லோருக்கும் புரிந்தது.

"ஆமா, பயந்தான்" என்றேன். "ஒன்ன மாதிரி எடுத்தேன் கவுத்தேன்னு எனக்கு வராது." டஸ்டரை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டிருக்கும்.

மத்தியானத்துக்குள் செய்தி துறைத்தலைவரிடம் போய்விட்டது. இரண்டு மேடங்களும் வகுப்பிலேயே அடித்துக்கொள்கிறார்கள், பாடம் நின்றுவிடும்போல இருக்கிறது, நீங்கள்தான் சமாதானம் செய்துவைக்க வேண்டும் என்று வகுப்புப் பிரதிநிதிகள் இருவர் அவர் முன்னால் கண்கலங்கி நின்றிருக்கிறார்கள். அதுவரை நடந்ததெல்லாம் நாடகம் என்று அந்தக் குழந்தைகளுக்கு நாம் சொன்னதே இல்லை, ஆனாலும் தெரிந்திருக்கிறது! இங்கிலீஷில் போட்ட சண்டையைப் பாடம் என்றும், தமிழில் போட்டதை நிஜம் என்றும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சரியாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

துறைத்தலைவர் நல்ல மனிதர். கேண்டீனிலிருந்து ஒரு பை-டூ காபி வரவழைத்து, ஒரு காபியின் இரண்டு பாதிகளையும் நம் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, "ஜகளா பேடா மேடம், ஜகளா பேடா" என்று சண்டையே வேண்டாமென்று கும்பிட்டார். நீ முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "சார், இது சிலபஸ் சார்" என்றாய். எந்த யூனிட் என்று கேட்டார் பாவம். "செகண்ட் யூனிட் சார். டைம் வேல்யூ ஆஃப் மணி." எனக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது.

ஆனால் வராந்தாவுக்கு வந்ததும் நான் சிரிக்கவில்லை. "எனக்கு வலிச்சுதுடி" என்றேன்.

"தெரியும்" என்றாய். "ஞாயித்துக்கெழம காலைல எங்க கிரவுண்டுக்கு வா. என் வண்டில ஓட்டு. வுழுந்தா நான் இருக்கேன்."

விழுந்தேன். உங்கள் ஏரியாப் பையன்கள் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு, "ஆன்ட்டி, பிரேக்கு, பிரேக்கு!" என்று கத்துவார்கள். அவர்களில் ஒருவன் எனக்காகவே ஸ்டம்பைத் தள்ளி நட்டான். நீ என் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவருவாய். நான் பயத்தில் இரண்டு கையையும் ஒன்றாக இறுக்கிவிடுவேன், வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். "ஆக்ஸிலரேட்டர் இன்னிக்கு, பிரேக்கு நாளைக்கு. ரெண்டும் வோணும்டி. ஆனா ஒண்ணா புடிக்காத" என்றாய். அந்த வாக்கியத்தை அடுத்த வாரமே வகுப்பில் இங்கிலீஷில் சொல்லி, உன் சொந்தச் சரக்குபோல் கைதட்டும் வாங்கிக்கொண்டாய். உன் சொந்தச் சரக்குதான், ஆனால் விழுந்த முழங்கால் என்னுடையது.

டெபாசிட்டை உடைத்தேன். சாம்பல் நிற வண்டி வந்தது. முதல்முறை ஒக்கலிபுரம் அண்டர்பாஸில் பஸ்களுக்கு நடுவில் நுழைந்தபோது நீ பின்சீட்டில் இருந்தாய். "நான் கண்ண மூடிக்கினேன், நீ மட்டும் தொறந்து வெச்சுக்கோ" என்றாய். நான் அலறிக்கொண்டே சிரித்தேன். நாற்பது வயதுக்கு மேல் அப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இந்த லீவில் ஒரு மத்தியானம் உன் தம்பி போன் செய்தான். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றான். இதயம் என்றார்களாம். நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை, எந்த பஸ்ஸுக்கும் நிற்கவில்லை. ஒக்கலிபுரத்தில் பின்சீட்டு காலியாக இருப்பது முதுகுக்குத் தெரிந்தது. உன்னை எடுப்பதற்கு முன்னால் வந்து சேர்ந்து, உன் காலருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாசலில் அந்தச் சாம்பல் வண்டி ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்ந்து கிடந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

எனக்கு உன்மேல் கோபம். இன்றைக்கு இன்றைக்கு என்று தொண்டை கிழியப் பேசிவிட்டு, சம்பாதித்ததையெல்லாம் தம்பி பிள்ளைகளின் நாளைக்குப் போட்டுவிட்டு, பாதிச் சண்டையில் எழுந்து போனவள் நீ. உன்னை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

துறைத்தலைவர் நேற்று கூப்பிட்டார். தனியாக இந்தப் பாடத்தை எடுப்பது கஷ்டம், ரெடியாக ஸ்லைடுகள் இருக்கின்றன, போட்டு வாசித்தால் போதும், இல்லையென்றால் இந்த வருடம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். கண்ணைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வேன்? நான் நாளைக் கட்சி அல்லவா.

இதுவரை எழுதி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். இன்று வெள்ளி. நேற்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

ஸ்லைடுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் காலையில் என்னை அறியாமலே கடைக்குப் போய் மிட்டாயும் வாங்கியிருந்தேன், டப்பாவையும் கழுவியிருந்தேன். புது முகங்கள். உன்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அது ஒருவகையில் கொடுமை, ஒருவகையில் நிம்மதி. கம்ப்யூட்டரைப் போடப் போன கை சாக்பீஸை எடுத்தது. போர்டின் நடுவில் கோடு போட்டேன். என் பக்கத்தில் நின்று நாளைக்காகப் பேசினேன். நன்றாகவே பேசினேன், நீ இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பாய். முடித்துவிட்டு, பழக்கத்தில், உன் பதிலுக்காகத் திரும்பினேன்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் போர்டு. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வரி மறந்துவிட்டது என்று நினைத்து முன்வரிசைப் பெண் ஒருத்தி தன் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். இப்படியே ஸ்லைடைப் போட்டுவிடலாம், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை என்று தோன்றியது. அப்புறம் கோட்டைத் தாண்டி உன் இடத்தில் போய் நின்றேன்.

நான் நின்றிருந்த இடத்தைப் பார்த்துக் கையை நீட்டி, "மேம், அது சேமிப்பு இல்லை, பயம்" என்றேன். முதலில் இங்கிலீஷில். பத்தாமல் போகவே தமிழில், உன் தமிழில். பயத்துக்கு எந்த பேங்க்லயும் வட்டி குடுக்க மாட்டாங்க. கடைசி பெஞ்சில் யாரோ விசிலடித்தார்கள். நான் மறுபடி என் பக்கம் ஓடிவந்து எனக்காகப் பதில் சொன்னேன், திரும்பவும் ஓடிப்போய் அதை அடித்து நொறுக்கினேன். புடவை தடுக்கியது. வகுப்பே சிரித்தது. உன் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரிகிறது, என் வாதத்தில் எத்தனை ஓட்டை! இத்தனை வருடமும் நீ எனக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறாய் என்றும் அங்கேதான் தெரிந்தது.

புத்தகத்தைத் திருப்பிக் காட்டிய பெண் கை தூக்கினாள். "மேம், நீங்க நிஜமா எந்தப் பக்கம்?"

"நான் நாளைக் கட்சிம்மா" என்றேன். "இன்றைக்குப் பேசுறவங்க வரல. அதனால அவங்களுக்கும் நானே பேசுறேன்."

தீர்ப்புக்குக் கை தூக்கச் சொன்னேன். நீ ஜெயித்தாய், கிட்டத்தட்ட முழு வகுப்பும்.

பிறகு சீட்டு. முதல் நாள் என்பதால் பத்துப் பேருக்கும் நானே மிட்டாய் கொடுத்துப் போடச் சொன்னேன். முதல் டப்பா ஏலமில்லாமல் நடத்துகிறவருக்கு என்ற விதியைச் சொன்னதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ இருந்தால் வராந்தாவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்துக்கொண்டே போவாய். என் கை வழக்கம்போல் மூடியைத் தேடியது. தேடிய கையாலேயே ஒரு மிட்டாயை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் கடித்தேன். கறுக்கென்று சத்தம். வகுப்பு முடிகிறவரை கடைவாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வராந்தாவில் துறைத்தலைவர் தற்செயலாக நிற்பதுபோல் நின்றிருந்தார். வகுப்பு எப்படிப் போனது என்று கேட்டார். டப்பாவை அவரிடம் நீட்டினேன்.

"ஜகளா ஆய்து சார்" என்றேன். "பெரிய சண்டை."

அவர் ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "செகண்ட் யூனிட்டா மேடம்?" என்றார்.

பீரோவின் உன் அடுக்கை நான் காலி செய்து கொடுக்கப்போவதில்லை. டப்பாவுக்கு இடம் வேண்டும். எதையாவது ஒத்திப்போட வாய் திறக்கும்போதெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல் வருகிறது, நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நேற்று வராந்தாவில் உன்னைப்போல் வாரிக் கொடுத்து, டப்பாவில் மிச்சம் வைக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஒக்கலிபுரம் சிக்னலில், கடைசி மிட்டாயையும் தின்றுவிட்டேன்.